விளங்காத அறிவிப்பு யாருக்கு?

மக்களுக்கென்று ஆங்கிலத்தில் எழுதும் அறிவிப்பு மக்களுக்கு விளங்க வேண்டாமா? பால்மரத் தொழிலாளி கடிதத்தை நீட்டுகிறார். கிராணிகளாகிய நாமோ அகராதியைத் தேடுகிறோம்! 'கமென்ஸ்' என்னும் இடத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதினால் அரசாங்கம் கவிழ்ந்துவிடுமா?

“சட்டத்துக்குக் கடின நடைதான் பொருந்தும்” என்பர் சிலர். ஆங்கிலத்தின் தாயகமே இதை ஏற்கவில்லை! பிரிட்டிஷ் நிதியமைச்சு கேட்டுக்கொண்டபடி எர்னஸ்ட் கவர்ஸ் அரசு ஊழியருக்கு எளிய நடை கற்பிக்கும் நூலை 1948-இல் வெளியிட்டார். 1979-இல் கிறிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி, லண்டன் நாடாளுமன்றத்தின் எதிரே, விளங்காத அரசாங்கப் பாரங்களைத் துண்டு துண்டாக்கினார். மக்களுக்கு விளங்கும்படி கூட்டரசு அலுவலகங்கள் எழுத வேண்டுமென்று அமெரிக்கா 2010-இல் சட்டமே இயற்றியது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்த வாசகம் இரு பொருள் தந்தால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே செல்லும். குழப்பியவனே நட்டத்தைச் சுமக்க வேண்டும், இதுவன்றோ நியாயம்!

எளிய நடையால் யாருக்கு இலாபம்? தொழிலாளி தவணைக்குள் மனுச் செய்வார். பாரம் பிழையென்று திரும்பி வராது. அலுவலகத்துக்கும் வேலை குறையும். எளிய ஆங்கிலமே பிழையின்றித் தமிழுக்கும் மலாய்க்கும் பெயரும். நட்டம், எழுதிக் கொடுத்துக் காசு பறிக்கும் தரகனுக்கு மட்டுமே!

யாருக்கு உரிமை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எங்கே மனுச் செய்வது? இந்நான்கும் முதல் பத்தியிலேயே வரட்டும். இது சலுகையன்று. விளங்காத உரிமை, பூட்டிய பெட்டியிலுள்ள கூலி. சாவியைக் கேட்போம்!