பதிஞ்சு நிண்டால் மட்டும் போதுமா?

வேகத்தடையைக் கண்டதும் ஒரு கார் நண்டு மாதிரிச் சரிஞ்சு சரிஞ்சு ஏறுதெண்டால், அது எங்கட ஆக்களில ஒருத்தரின்ர கார்தான். பின்சீற்றில இருந்த ரெண்டு பேர் இறங்கி நடந்து வருவினம். சிரிக்காதேங்கோ, நாங்களும் அப்பிடி இறங்கி நடந்த ஆக்கள்தான்.

காரைப் பதிக்கிறது எங்களுக்குப் பிடிக்கும். அதில வெட்கப்பட ஒண்டுமில்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குத் திரும்ப வழி திறந்தது 2025 பெப்ரவரியிலதான். அந்தக் காலம் முழுக்க எங்களிட்ட இருந்தது வீட்டுப் பழைய காரும் ஆசையும்தான். புதுசு வாங்கேலாதவன் இருக்கிறதை வடிவாக்கப் பார்க்கிறான். அதை "ரவுடிக் கார்" எண்டு சொல்லுற பெரியாக்களோட எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆனால் எங்களோடயே எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கு. அது ஸ்பிரிங்கை வெட்டுற பழக்கம்.

எங்கட கூட்டாளி ஒருத்தன் தன்ர சுவிஃப்டின்ர முன் ஸ்பிரிங்கில ஒண்டரைச் சுத்து வெட்டுவிச்சான். காசும் குறைவு, நேரமும் குறைவு. பார்க்க நல்ல வடிவு. பிறகு ஒரு மழை நாள், வளைவுக்குள்ள ஒரு பள்ளம். கார் துள்ளி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. நல்லகாலம், எதிரில ஒண்டும் வரேல்லை. பின்சீற்றில அவன்ர அம்மா இருந்தவ.

"பதிஞ்ச கார் ரோட்டைப் பிடிக்கும்" எண்டு நாங்கள் சொல்லித் திரியிறது பாதி உண்மைதான். பாரமையம் கீழ வந்தால் வளைவில வெளிச் சில்லுக்கு மாறுற பாரம் குறையும். அது சரி. ஆனால் வெட்டின ஸ்பிரிங்கில சில்லு மேல வாறதுக்கு இடம் இல்லை. சின்னப் பள்ளத்துக்கே ஷொக் அப்சோபர் போய் ரப்பர் கட்டையில இடிக்கும். இடிச்ச அந்தக் கணத்தில ஸ்பிரிங் வேலை செய்யாது, ரயர் துள்ளும், பிடி விட்டுப்போகும். எங்கட கூட்டாளிக்கு நடந்தது அதுதான். சில்லு தொங்கேக்க ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையை விட்டு விலகுற ஆபத்தும் இருக்கு.

இன்னொண்டு. சுவிஃப்ட் மாதிரிக் கார்களில முன் சில்லைப் பிடிச்சிருக்கிற லோவர் ஆம் கிட்டத்தட்டக் கிடையா நிக்கவேணும். அளவுக்கு மிஞ்சிப் பதிச்சால் அதின்ர சில்லுப் பக்கம் மேல நிமிரும். அப்ப கார் சரியிற மையம், பாரமையத்தை விடக் கூடக் கீழ இறங்கியிடும். அதால ஸ்பிரிங் போதிய அளவு இறுக்கமா இல்லாட்டி, பதிஞ்ச கார் முந்தியதை விடக் கூடச் சரியும்.

அப்ப பதிக்கவே கூடாதா? பதிக்கலாம். அந்த மாடலுக்கெண்டே செய்த கட்டை ஸ்பிரிங் போடுங்கோ. எங்கட ரோட்டுகளுக்கு 25, 30 மில்லிமீற்றர் காணும். அந்த இறுக்கத்தை அடக்கக்கூடிய ஷொக் அப்சோபரும் சேர்த்துப் போடுங்கோ. பழசு எண்ணெய் கசிஞ்சால் புது ஸ்பிரிங் போட்டும் பிரயோசனமில்லை. லோவர் ஆம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் சில்லில நிக்கேக்க இறுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி ரப்பர் முறுகினபடியே நிண்டு கிழியும். கடைசியா அலைன்மென்ட். அதை விட்டால் ரயரின்ர உள்பக்கம் சில மாதத்தில தேஞ்சுபோகும். ஹெட்லைற்றின்ர உயரத்தையும் பாருங்கோ.

காசு காணாதெண்டால் றிம் பிறகு வாங்கலாம். முதல் ஷொக் அப்சோபர். படத்தில றிம் தெரியும், ஷொக் அப்சோபர் தெரியாது எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனால் மழைக்க பிரேக் அடிக்கேக்க படம் வந்து காப்பாத்தாது.

கூட்டாளி இப்ப சரியான ஸ்பிரிங் போட்டிட்டான். முந்தின அளவுக்குப் பதிவில்லை, ஆனால் வளைவில நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. அம்மாவை மட்டும் இன்னும் ஏத்தேலாமல் கிடக்கு. கேட்டால், "நான் பஸ்ஸிலயே வாறன் தம்பி" எண்டுறா.