இசட் புள்ளி சொல்லாத கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைக் கணிதப் பிரிவில் படிக்க விட்டிருக்கும் பெற்றோர் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

வெட்டுப்புள்ளி வெளியானால் ஒட்டுசுட்டான் சந்தியில் பதாகை கட்டுகிறோம். பிள்ளையின் படம், "பொறியியல் பீடத்துக்குத் தெரிவு" என்று பெரிய எழுத்து, கீழே வாழ்த்துவோர் பெயர். கட்டத்தான் வேண்டும். இந்த மண்ணில் அது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்தப் பதாகை வெயிலில் வெளிறி முடிவதற்குள் சில பிள்ளைகளிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அதைப் பற்றி நாங்கள் யாரும் ஊரில் கதைப்பதில்லை.

அண்மையில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. எங்களிடம் படித்த பிள்ளை. "சேர், மெத்ஸ் ரிப்பீட்" என்றார். முதற் பருவத்துக் கணிதத்தில் சித்தியில்லை. அதைவிட அவரை நோகடித்தது கூடப் படிக்கும் ஒருவர் சொன்ன சொல். "கோட்டாவில வந்தா இப்பிடித்தான்."

அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. பதிலில் பாதி எங்களுக்கும் சுடும். பரவாயில்லை.

முதலில் கோட்டா. கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு அனுமதி இப்படித்தான் நடக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காயத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மாவட்ட முறை இல்லாமல் வன்னியிலிருந்து எத்தனை பேர் பொறியியலுக்குப் போயிருப்பார்கள் என்று நெஞ்சில் கைவைத்து யோசியுங்கள். நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள் உண்டு. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் அதில் பத்தில் ஒன்றுதான். கொழும்பில் ஒரு பிள்ளைக்கு இணைந்த கணிதத்துக்கு மூன்று ரியூசன் வாத்தியார். இங்கே மூன்று பாடசாலைக்கு ஒரு வாத்தியார் கிடைத்தாலே அல்ஹம்துலில்லாஹ் என்போம். இரண்டு பேரும் எழுதுவது ஒரே வினாத்தாள். ஆகவே கோட்டா பிச்சை அல்ல. அதை இனியும் விளக்கிக்கொண்டிருக்க எங்களுக்கு விருப்பமில்லை.

இப்போது இசட் புள்ளிக்கு வருவோம். 2001இலிருந்து எங்கள் பிள்ளைகளின் தலையெழுத்து அதுதான். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுத்தால் இசட் புள்ளி. ஒருவரை இன்னொருவருக்கு முன்னாலா பின்னாலா நிறுத்துவது என்று தீர்மானிக்க நல்ல கருவி. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

ஓர் உதாரணம். ஒரு பிள்ளைக்குக் கணிதம் 1.7, பௌதிகவியல் 1.2, இரசாயனவியல் 0.4. இன்னொரு பிள்ளைக்குக் கணிதம் 0.4, பௌதிகவியல் 1.2, இரசாயனவியல் 1.7. இருவருக்கும் இசட் புள்ளி 1.1. இருவரும் ஒரே நாளில், ஒரே விரிவுரை மண்டபத்தில், ஒரே கணித வகுப்பில் இருப்பார்கள்.

இன்னும் உள்ளே போவோம். இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். முதலாவதில் 75, இரண்டாவதில் 35 எடுத்தவருக்கும், முதலாவதில் 35, இரண்டாவதில் 75 எடுத்தவருக்கும் சராசரி 55தான். முதலாமவருக்கு நிலையியலிலும் இயக்கவியலிலும் உதவி வேண்டும். இரண்டாமவருக்கு வகையீட்டிலும் தொகையீட்டிலும் உதவி வேண்டும். இசட் புள்ளி இருவரையும் ஒருவராகவே பார்க்கிறது.

இனி எங்கள் குற்றத்தைச் சொல்கிறோம். ஒவ்வொரு வினாத்தாளிலும் பகுதி ஆவில் ஏழு கேள்விகள். ஐந்துக்கு விடை எழுதினால் போதும். பாடத்திட்டம் முடியவில்லை, ஆசிரியர் பாதி வருடத்தில் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அப்போது நாங்கள் என்ன சொல்கிறோம்? "சிக்கலெண்ணை விடு, தொகையீட்டைப் பிடி." "நிகழ்தகவை விடு, நிலையியலைப் பார்." பிள்ளை விடுகிறது. சித்தியும் அடைகிறது. நாங்கள் பதாகை கட்டுகிறோம். நாங்கள் விடச் சொன்ன அந்த அலகு, பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே ஆங்கிலத்தில், வேகமாக, "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்தானே" என்ற முன்னுரையோடு வந்து நிற்கிறது.

விடுபட்ட பாடம் என்றால் என்னவென்று எங்களுக்கு அனுபவத்திலேயே தெரியும். எங்கள் வயதுக்காரரில் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் படித்தவர்கள் இருக்கிறோம். எங்களோடு படிப்பிக்கும் தம்பிமாரில் 2009இல் மெனிக் பாம் கூடாரத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு விடுபட்டது கேத்திரகணிதம், அவர்களுக்கு விடுபட்டது அட்சரகணிதம். இரு சாராரும் மொக்கர்கள் அல்லர். எந்தப் பக்கங்கள் கிழிந்தன என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால், ஒரு மாதத்தில் ஒட்டியிருப்போம். ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொரோனாக் காலம் பல பக்கங்களைக் கிழித்தது. சிக்னல் தேடி மரத்தடிக்கும் வீதிக்கும் போன பிள்ளைகள் எந்தப் பாடத்தை எந்த மரத்தடியில் தவறவிட்டார்கள் என்று எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் இல்லை.

இதில் காலமும் சேர்கிறது. 2021க்கான உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்கானது 2023 ஜனவரியில். 2023க்கானது 2024 ஜனவரியில். பிறகு பெறுபேறு, பிறகு விண்ணப்பம், பிறகு வெட்டுப்புள்ளி, பிறகு பதிவு. அந்த இடைவெளியில் நகரத்துப் பிள்ளை ஏதாவதொரு கற்கைநெறிக்குப் போகிறது. எங்கள் பிள்ளை வயலுக்கோ கடைக்கோ போகிறது. கணிதத்தைத் தொடாத கை கணிதத்தை மறக்கும். இது முல்லைத்தீவுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல.

முதலாண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சில பெற்றோருக்குத் தெரியாது. பேராதனை, மொறட்டுவை போன்ற பொறியியல் பீடங்களில் தொடக்கப் படிப்பு எல்லோருக்கும் பொது. அதில் எடுக்கும் பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்துத்தான் பிறகு சிவிலா, மின்னியலா, கணினியா என்று துறை பிரிப்பார்கள். ஆகவே அந்தச் சில மாதங்களில் விழுகிற பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் விழவில்லை. தனக்கு விருப்பமான துறையையும் இழக்கிறது.

எங்கள் கேள்வி இதுதான். பல பல்கலைக்கழகங்களில் புது மாணவர் வந்தவுடன் ஆங்கிலத்துக்கு ஒரு பரீட்சை வைத்து மட்டம் பார்த்து வகுப்புப் பிரிக்கிறீர்கள். நல்ல காரியம். கணிதத்துக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? எங்கள் பிள்ளைகள் போன இடங்களில் விசாரித்தவரை, வந்த அன்று யாரும் "உனக்கு எது தெரியும், எது தெரியாது" என்று கேட்கவில்லை. பருவ முடிவில்தான் கேட்டார்கள். அப்போது அதன் பெயர் பரீட்சை, விடையின் பெயர் ரிப்பீட்.

"அப்படிப் பரீட்சை வைத்தால் அதுவும் இன்னொரு வடிகட்டல் ஆகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். அமெரிக்காவில் அது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் தொடக்கப் பரீட்சையை வைத்துப் பெருந்தொகைப் பிள்ளைகளைக் கீழ்மட்டக் கணித வகுப்புகளில் போட்டார்கள். பட்டத்துக்குக் கணக்கில் வராத வகுப்புகள். பலர் அதைத் தாண்டி மேலே வரவேயில்லை. கடைசியில் 2017இல் ஏபி 705 என்று ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிள்ளையை நேரே உரிய வகுப்பில் சேர்த்து, தேவையான உதவியைப் பக்கத்தில் கொடுக்கும் வழிக்கு அந்தச் சட்டத்தோடு கல்லூரிகள் திரும்பின. அவர்கள் பிழைவிட்டுப் படித்ததை நாங்கள் இலவசமாகப் படிக்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது தனி வகுப்பு அல்ல, குறைந்த வகுப்பும் அல்ல. முதல் வாரத்தில் இரண்டு மணித்தியாலப் பரீட்சை ஒன்று. அலகு அலகாக. புள்ளி எங்கும் பதியப்படக் கூடாது. கேள்விகள் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணிதம் தெரியாதவர் யார், ஆங்கிலச் சொல் தெரியாதவர் யார் என்று பிரித்தறிய முடியாது. 'எல்லை' தெரிந்த பிள்ளைக்கு 'லிமிட்' தெரியாமல் இருக்கலாம். அந்த வருத்தத்துக்கு மருந்து வேறு. பிறகு, எல்லோரோடும் அதே விரிவுரையில் இருந்துகொண்டே, விடுபட்ட அலகுக்குக் கிழமையில் இரண்டு மணித்தியாலம் மேலதிக வகுப்பு. விரிவுரையாளர் போதாது என்றால் மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் எங்கே தடுக்கி விழுந்தோம் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பரீட்சைத் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். முதலாம், இரண்டாம் வினாத்தாள் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிள்ளைக்கும் பீடத்துக்கும் கொடுங்கள். திருத்தியவர்கள் எழுதிய எண்கள்தானே அவை.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. இந்த வருடத்திலிருந்து, பிள்ளையை அலகை விடச் சொன்னால் அதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். பரீட்சை முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு அந்த அலகுகளைப் பின்னேரங்களில் படிப்பிக்கிறோம். கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்குகிறோம். காசு வேண்டாம். கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் எங்கள் பழைய மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தந்தால் போதும். மாங்குளத்தில் இறங்கினால் கூட்டிவர ஆள் அனுப்புகிறோம்.

பெற்றோரே, வெட்டுப்புள்ளி வந்த அன்று வாழ்த்துச் சொல்லுங்கள். அடுத்த நாள் பிள்ளையிடம், "எந்த அலகை விட்டனீ?" என்று கேளுங்கள். வெட்கப்படாமல் சொல்லட்டும். அது பிள்ளையின் குற்றம் அல்ல.

"கோட்டாவில வந்தா இப்பிடித்தான்" என்று சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பக்கத்தில் இருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு தொகையீடு சொல்லிக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் அது இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

அந்தப் பிள்ளை ரிப்பீட் எழுதப் போகிறார். விடுபட்ட அலகுகளைக் கொப்பியில் எழுதி அனுப்பச் சொன்னோம். நான்குதான். இன்ஷா அல்லாஹ், முடிப்போம்.