செயற்கை அறிவும் நம் இல்லமும்

செயற்கை அறிவு மனிதரைப் போலச் சிந்திக்கிறது என்று பலர் வியக்கின்றனர். உண்மையில் அது, எண்ணற்ற எடுத்துக்காட்டுகளில் காணும் ஒற்றுமைகளைக் கொண்டு புதியதொன்றை ஊகித்துச் சொல்லும் கணினிமுறையே ஆகும்.

நந்தனத்திற்கு அண்மையில் நுங்கம்பாக்கத்திலுள்ள சங்கர நேத்ராலயா, அரவிந்த் முதலிய கண் மருத்துவமனைகளின் படங்களும் அடங்கிய 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கூகுள் நிறுவனத்தார் கணினிக்குப் பயிற்சி அளித்தனர். நீரிழிவால் விழித்திரைக்கு நேரும் பழுதை அது கண் மருத்துவர்களுக்கு நிகராகக் கண்டறிந்ததென 2016இல் ஆய்வு வெளியாயிற்று. 2019இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையில் அது பயன்பாட்டிற்கு வந்தது. தொடக்கத்தில் அறிகுறி காட்டாத இந்நோயைக் காலத்தே கண்டால் பார்வையைக் காக்கலாம் அன்றோ?

ஆயினும், பயிற்சிப் படங்களில் குறையிருப்பின் கணினியும் பிழைபடும். பிழைக்குப் பொறுப்பேற்க அதற்கு மனச்சான்று இல்லை. 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திக்வா எத் நோவா’ என்னும் ஏடும், பொறுப்பு மனிதருடையதே என வலியுறுத்துகிறது.

மகனின் குரலையே போலியாக உருவாக்கித் தொலைபேசியில் பணம் கேட்கும் வஞ்சகரும் இன்று உளர். பதறிப் பணம் அனுப்பாமல், மகனின் எண்ணுக்கு நாமே அழைத்து உறுதி செய்வோம். ஏமாற்றப்பட்டால் 1930 என்னும் எண்ணில் தாமதமின்றி முறையிடுவோம். இல்லத்து முதியோருக்கும் இதனை இன்றே எடுத்துரைப்போமாக.