கண்ணை அசைக்கலாம், மலையை யார் நிறுத்துவது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்துப் போட்ட பிறகு, கடல் கடந்து வாழும் வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் எனக்கு எழுதினார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்ட மக்களுக்குக் கண் அசைவுச் சிகிச்சை, அதாவது ஈ.எம்.டி.ஆர்., அளிக்க ஏற்பாடு செய்யலாமா? வெளிநாட்டிலிருந்து நிபுணர்களை அனுப்பினால் இரண்டு வாரத்தில் எத்தனை பேரைக் குணப்படுத்தலாம்? கேட்டவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. அந்த 'இரண்டு வாரம்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

முதலில் சிகிச்சைக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். பிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம் கண்கள் இங்குமங்கும் அசைகையில் மனத்தை உறுத்திய எண்ணங்களின் வேகம் தணிவதைக் கவனித்தார் என்பது இதன் தோற்றக் கதை. 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். வருத்தும் நினைவின் ஒரு காட்சியை நோயாளி மனத்தில் நிறுத்திக்கொள்ள, சிகிச்சையாளர் அவர் கண்முன் விரல்களை இடமும் வலமுமாக அசைப்பார். அரை நிமிடமளவு கண்கள் விரலைத் தொடரும். பிறகு நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார். மீண்டும் விரல், மீண்டும் கேள்வி. நினைவை ஏந்துவதும் விரலைத் தொடர்வதும் மனத்தின் ஒரே சிறு கொள்ளிடத்துக்குப் போட்டியிடுவதால் நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

இதை வெள்ளைக்காரன் மாந்திரீகம் என்று எள்ளுவோர் நம்மிடையே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது என்பது அவர்களுக்கான பதில். கண் அசைவு இல்லாமலே இதே பலன் கிடைக்காதா என்ற விவாதம் அறிஞரிடையே நடந்திருக்கிறது. 2001இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அசைவால் கூடுதல் பயனில்லை என்றது, 2013இல் வந்த மற்றொன்று பயனுண்டு என்றது. எனக்கு அந்த விவாதம் முக்கியமன்று. நடந்ததை விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்பது இச்சிகிச்சையின் பெரிய அனுகூலம். தனக்கு நேர்ந்ததை ஒருவரிடமும் சொல்லாமலே கொழுந்து பறித்துக் காலங்கழித்த பெண்கள் நிறைந்த தோட்டங்களில் அதன் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுமா?

ஆனால் விரலசைவு இச்சிகிச்சையின் ஒரு பகுதிதான். மொத்தம் எட்டுக் கட்டங்கள். விரல் அசையத் தொடங்குமுன், நோயாளி பாதுகாப்பான ஓர் இடத்தை மனத்தில் கற்பனை செய்யப் பழக்கப்படுகிறார். பின்னர், 'அது முடிந்துவிட்டது, இப்போது நான் பாதுகாப்பாக இருக்கிறேன்' என்பது போன்ற ஒரு வாக்கியத்தை அவர் தேர்ந்தெடுக்கிறார். அது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று 1 முதல் 7 வரையான அளவில் சொல்ல வேண்டும்.

இந்த வாக்கியத்தைக் கொஸ்லாந்தைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பியபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. பல உடல்கள் மீட்கப்படவேயில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. 2023 மார்ச்சில் பூனாகலை, கபரகலையில் மீண்டும் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025இல் டித்வா. இன்றும் செங்குத்துச் சரிவின் கீழ் லயக் காம்பிராவில் படுத்து, மழைச்சத்தம் கேட்டு எழுந்து உட்காரும் ஒருவருக்கு எதை முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொடுப்பீர்கள்?

அவருடைய பயம் நோயன்று. அது அந்த வீட்டில் வேலை செய்யும் ஒரே எச்சரிக்கைக் கருவி. அதை விரலசைவால் அணைப்பவர் வைத்தியர் அல்லர். நேர்மையான ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையாளரும் இதைத்தான் சொல்வார்: சூழலுக்குப் பொருந்தாத நம்பிக்கையை நோயாளியின் மனத்தில் பதிக்கக் கூடாது, நியாயமான அச்சம் எஞ்சினால் அது எஞ்சட்டும் என்பது அம்முறையிலேயே உள்ள விதி. இறந்தவரை எண்ணி உறங்காதவருக்கு இந்தச் சிகிச்சை உதவும். நாளை இறக்க நேருமோ என்று உறங்காதவருக்குத் தேவை வேறு நிலம்.

அந்த நிலம் யாருடையது? அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தவருக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் கொடுப்பதற்குள் எத்தனை அமைச்சர்கள் மாறினார்கள்! காணி கேட்டவனுக்கு உளவளத்துணை கொடுப்பது ஆட்சியாளருக்கு மலிவான வழி. நம் தருமவான்களும் தெரியாமல் அதற்குத் துணைபோகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

ஊவாவின் காயம் மண்ணால் மட்டும் வந்ததுமன்று. 1983 யூலையில் பதுளை நகர் எரிந்ததைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மேல் நீதிமன்றம் தண்டித்தவர்களில் எஞ்சியிருந்தோரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 'முடிந்துவிட்டது' என்ற சொல் இங்கே எவ்வளவு கனமானது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது மொழி. ஒவ்வொரு விரலசைவுக்குப் பின்னும் வரும் இரண்டொரு சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் சிகிச்சை நகர்கிறது. 'நெஞ்சு படபடங்குது', 'ஈரக்குலை நடுங்குது' என்று தோட்டத்துப் பாட்டி சொன்னால், மொழிபெயர்ப்புக்குப் பிடித்துவந்த பேரப்பிள்ளை அதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ 'பயமாம்' என்று முடித்துவிடுவான். அவன் காதில் விழக்கூடாத சொற்களும் அவளிடம் இருக்கும்.

சுனாமிக்குப் பின் வெளிநாட்டுக் குழுக்கள் பல இப்படித்தான் வந்து குறுகிய காலத்தில் திரும்பின. அதே வேளையில் வடகிழக்கில் வேறொன்றும் நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் தமிழிலேயே, பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும், மறுபிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளித்தார்கள். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரேயளவு தேறியதாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. கண்கள் அங்கே அசையவில்லை. சிறிய ஆய்வுதான் அது. ஆயினும் விமானச் சீட்டுக்குப் பணம் சேர்க்குமுன் படிக்க வேண்டியது.

ஆகவே அந்தப் பணத்தை அனுப்பத்தான் வேண்டுமென்றால், பசறையிலோ லுணுகலையிலோ ஹல்துமுல்லையிலோ பிறந்து பட்டம் பெற்றுவிட்டு வேலையின்றி இருக்கும் பத்துப் பேரின் முறையான, ஆண்டுக்கணக்கான பயிற்சிக்கு அனுப்புங்கள், பயிற்சிக்குப் பின் அவர்களை மேற்பார்வை செய்ய ஒருவருக்கான செலவும் சேர்த்து. வெளிநாட்டு நிபுணர் அவர்களுக்கு ஆசிரியராக வரட்டும், ஒருமுறையன்று, பலமுறை. ஒவ்வொரு பெயரோடும் ஒரு கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள்: அபாய வலயமென்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட எந்தெந்த லயன்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாற்றுக் காணி எங்கே, எந்தத் திகதியில்?