வெள்ளிக்கிழமை மிக், திங்கட்கிழமை ஏர்பஸ்

முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டுக்கு மூடுவிழா நடத்தச் சொல்லிச் சென்ற இதழில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் இரண்டாம் நம்பர் கேஷ் கவுண்டர். அதற்கு முன்னால் 20 வருடம் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டர். பெல்காமில் அணிவகுக்கக் கற்று, தாம்பரத்தில் என்ஜினைப் பிரித்து மாட்டக் கற்று, ஜோர்ஹாட், சண்டிகர், சூலூர் என்று சுற்றிவிட்டு 39 வயதில் சார்ஜென்ட்டாக வெளியே வந்தவன். எங்களைப் பற்றி நண்பர் எழுதியிருப்பதில் பாதி எனக்கே புதுச் செய்தி.

அவர் சொல்வது இதுதான். விமானப்படையில் அரசு செலவில் தொழில் கற்கிறார்கள். வெளியே வந்ததும் தனியார் விமான நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போகின்றன. வெள்ளிக்கிழமை மிக் விமானத்தை விட்டு இறங்கியவர் திங்கட்கிழமை ஏர்பஸ்ஸில் ஏறிவிடுகிறார். கையில் பென்ஷன் வேறு. அப்புறம் வங்கிக் குமாஸ்தா வேலையில் இவர்களுக்கு 14.5 சதவீதம் எதற்கு? இதற்கு மேல் ஒரு கொசுறு: கீழ்ப்படிந்தே பழகிய ராணுவ மூளை பயணிகள் விமானத்துக்கு ஆபத்து. ஆபத்தானவர்களை ஏன் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, அச்சுக்கு அனுப்பியவருக்கும் தோன்றவில்லை.

கட்டுரையில் ‘விமானி’ என்ற சொல் இல்லாத பத்தி இல்லை. ‘ஃபிட்டர்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. விமானப்படையில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட அதிகாரி கிடையாது. அந்த அதிகாரிகளிலும் எல்லோரும் விமானி அல்ல. மீதிப் பேர் நாங்கள்: என்ஜின், ஏர்ஃப்ரேம், எலெக்ட்ரிக்கல், ரேடியோ, ஆயுதம் என்று ட்ரேட் வாரியாகப் பிரிக்கப்பட்ட ஏர்மேன்கள். குமாஸ்தா தேர்வு எழுதுவது நாங்கள்தான். எந்த விங் கமாண்டரும் அதற்காகக் கோச்சிங் கிளாஸ் போய் நான் பார்த்ததில்லை. விமானியின் சம்பளச் சீட்டைக் காட்டி ஃபிட்டரின் ஒதுக்கீட்டை வெட்டச் சொல்கிறார் நண்பர். பல்வலி அண்ணனுக்கு, பல்லைப் பிடுங்குவது தம்பிக்கு.

அந்த 14.5-இல் 4.5 யாருக்கு என்றாவது பார்த்தாரா? ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும். அவர்களை எந்த ஏர்பஸ்ஸில் ஏற்றப் போகிறார்?

ஜோர்ஹாட்டில் ஒரு டிசம்பர் இரவைச் சொல்கிறேன். ஏஎன்-32 விமானத்துக்கு என்ஜின் இறக்கையின் மேலே உட்கார்ந்திருக்கும். ஸ்டாண்டில் ஏறி நின்றுதான் வேலை. முடித்துவிட்டு டூல்களை அதனதன் உருவம் வரைந்த பலகையில் மாட்டினால், ஒரு ஸ்பேனரின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான், விமானம் நகராது. மூடிய என்ஜின் உறையை, கௌலிங்கைத் திரும்பத் திறந்தோம். டார்ச் அடித்தோம், கைக்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தோம், தரையில் தவழ்ந்தோம். விடிகாலை நாலு மணிக்கு, ஒரு பையனின் ஓவரால் பையில் கிழிந்த லைனிங்குக்குள்ளிருந்து அது கிடைத்தது. பிறகுதான், பறக்கலாம் என்று எஃப்-700 பராமரிப்புப் பதிவேட்டில் என் கையெழுத்து. அதன் பிறகு விமானியின் கையெழுத்து. வெளிச்சம் வந்ததும் விமானம் சரக்கோடு அருணாச்சல மலைக்குள் இருக்கும் மெச்சுகாவுக்குக் கிளம்பியது. ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகா போகும் அதே வழியில்தான் 2019 ஜூன் 3 அன்று ஓர் ஏஎன்-32 மலையில் விழுந்து 13 பேர் போனார்கள். கையெழுத்துப் போடும்போது கை ஏன் ஒரு நொடி நிற்கும் என்பது அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கையெழுத்துக்கு கேம்ப் வாசலுக்கு வெளியே மதிப்பு பூஜ்யம். நண்பருக்குத் தெரியாமல் போனது, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டது, இதுதான்.

சிவில் விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட, சிவில் விமான இயக்குநரகமான டிஜிசிஏவின் லைசென்ஸ் வேண்டும். சிஏஆர்-66 என்பது விதியின் பெயர். பி1, பி2 என்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் மாடியூல் மாடியூலாக எழுத்துத் தேர்வுகள். செய்த வேலையை ஒவ்வொன்றாக எழுதி, மேலாள் கையெழுத்து வாங்கிய லாக்புக் வேண்டும். ராணுவ அனுபவத்தை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அது மட்டும் போதாது. சிவில் ஹேங்கரிலும் கூடுதலாக வேலை பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங். எங்கள் வேலைக்கான சாட்சியோ யூனிட்டின் பதிவேடுகளில் கிடக்கிறது. ரிட்டயர் ஆகிறேன் என்று எஃப்-700-ஐ அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தால் கோர்ட் மார்ஷல்தான்.

வெளியே வந்த புதிதில் ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்கு இன்டர்வியூ போனேன். எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு 28 வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினார்.

“லைசென்ஸ் இருக்கா சார்?”

“இல்ல தம்பி.”

“லாக்புக்?”

அதுவும் இல்லை.

“ஹெல்ப்பரா எடுத்துக்கலாம் சார். சம்பளத்தச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு.”

சொன்னார். கூச்சப்பட வேண்டிய தொகைதான். பத்தாவது படிக்கும் மகளும் வீட்டுக் கடனும் இருப்பவன் அந்தத் தொகையில் இரண்டு மூன்று வருடம் ஓட்டி, ராத்திரியில் மாடியூல் படித்து, லைசென்ஸ் வாங்கலாம். சிலர் வாங்கியிருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். நான் வங்கித் தேர்வு எழுதினேன்.

லைசென்ஸ் கேட்பது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஏஎன்-32 பார்த்தவன் ஏர்பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. மிக்-21 பார்த்தவன் நிலைமை இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் சண்டிகரில் அந்த விமானத்துக்கே பிரியாவிடை கொடுத்தாகிவிட்டது. தடுப்புச் சுவர் இருப்பது நியாயம். சுவரே இல்லை, அங்கே சிவப்புக் கம்பளம்தான் விரித்திருக்கிறது என்று எழுதுவதற்குத்தான் தனித் துணிச்சல் வேண்டும்.

விமானிகளுக்காவது கம்பளம் உண்டா? போக்குவரத்து விமானம் ஓட்டியவர்களுக்கு ஓரளவு உண்டு. ஃபைட்டரும் ஹெலிகாப்டரும் ஓட்டியவர்கள் கதை வேறு. ஹெலிகாப்டர் மணிக்கணக்கை வைத்துக்கொண்டு ஏர்பஸ் நாற்காலியில் உட்கார முடியாது. குறுகிய காலப் பணியில் சேர்ந்த விமானி 14 வருடம் பறந்துவிட்டு பென்ஷன் ஒரு பைசா இல்லாமல் வெளியே வருகிறார். நண்பர் கண்ணை உறுத்தும் ‘இரட்டை வருமானம்’ அவருக்குக் கிடையாது. பென்ஷன் வாங்குகிற எங்களுக்கும் அது சலுகை அல்ல, செய்த வேலைக்கான உரிமை. நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1982-இலேயே சொல்லிவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் செய்தி நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அரசு செலவில் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்ற புலம்பலை இரண்டு வரியில் முடிக்கலாம். நிரந்தரப் பணியில் உள்ள அதிகாரி நினைத்த நேரத்தில் வெளியேற முடியாது. அனுமதி வேண்டும், மறுக்கவும் செய்வார்கள். தனியார் நிறுவனங்களின் கேப்டன்களும் ஒரு வருட நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் டிஜிசிஏ விதி போட்டபோது நண்பரைப் போன்றவர்கள் யாரையும் துரோகி என்று எழுதிய நினைவில்லை.

நண்பர் உதாரணம் காட்டும் கோழிக்கோட்டு விமான விபத்துக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம், இதை விட முடியாது. 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. கேப்டன் முன்னாள் விமானப்படைக்காரர். அது ஒன்றே நண்பருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. விசாரணை அறிக்கை 2021-இல் வந்தது. நிலைப்படாத இறக்கத்தை அவர் தொடர்ந்தார், ஓடுதளத்தில் பாதி போன பிறகே சக்கரம் பதிந்தது, நடைமுறை விதி மீறப்பட்டது என்றெல்லாம் அது சொல்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. இறங்காதே, மேலே ஏறு என்று குரல் கொடுத்த துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்காததையும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த விமான நிறுவனம் கோழிக்கோட்டில் போதிய கேப்டன்களை வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்கிறது. அந்தக் கேப்டன் படையை விட்டு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் சிவில் விமானம் ஓட்டியவர். அந்த வருடங்கள் எல்லாம் எங்கே போயின? ஒரு மனிதரின் சாவிலிருந்து அவருடைய பழைய சீருடையை மட்டும் உருவி எடுத்து ஆட்டிக் காட்டுவதற்கு வாதம் என்று பெயர் இல்லை.

பதிலுக்கு ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய சல்லன்பர்கரைக் காட்டி நான் ஜெயிக்கலாம். அவரும் போர் விமானம் ஓட்டியவர்தான். செய்ய மாட்டேன், அதுவும் அதே மோசடி. ஆனால் கீழ்ப்படியும் மூளை என்ற கதைக்காக ஆல் ஹேன்ஸை மட்டும் சொல்கிறேன். அமெரிக்க மரீன் படையில் விமானியாக இருந்தவர். 1989 ஜூலை 19 அன்று அவர் ஓட்டிய டிசி-10 விமானத்தில் வால் என்ஜின் வெடித்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானியைக் காக்பிட்டுக்குள் வரவழைத்து, த்ராட்டிலை அவர் கையில் கொடுத்து, எல்லோர் பேச்சையும் கேட்டுக்கேட்டுத்தான் சூ சிட்டி வரை கொண்டுவந்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். சீருடை போட்டிருந்தவருக்குக் காது கேட்காது என்று இனி யாராவது சொன்னால் சூ சிட்டியைச் சொல்லுங்கள்.

அதே அமெரிக்காவில் ஏர்லைன் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவ விமானி 750 மணியிலேயே துணை விமானியாக உட்காரும் உரிமம் பெறலாம். ராணுவ மெக்கானிக் தன் அனுபவத்துக்குச் சான்று கொண்டுவந்தால் அதைப் பார்த்து நேரே தேர்வுக்கு அனுப்புகிறார்கள். சுவரை யாரும் இடிக்கவில்லை, ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு கதவு வைக்கச் சொல்லி நண்பர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. அவரோ ஹேங்கர் கதவு திறந்தே கிடக்கிறது என்று கற்பனை செய்துகொண்டு, உண்மையில் திறந்திருக்கும் வங்கிக் கதவைச் சாத்தச் சொல்கிறார்.

யார் முகத்தில் சாத்தப் போகிறார் தெரியுமா? 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களுக்குப் பணி நான்கு வருடம். படையில் தங்க வைப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மீதிப் பேர் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு. இவர்களை விமானத் துறை அள்ளிக்கொள்ளும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். பயிற்சிக் காலம் போக, ஒரு ஃபிட்டருக்கு நாலு வருடத்தில் மிஞ்சுவது இரண்டு மூன்று வருட வேலை. அவ்வளவு சர்வீஸ் மட்டும் இருந்தபோது நான் சீனியருக்கு டூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லாக்கிங் வயரை முறுக்கத் தெரியும்; எங்கே எத்தனை முறுக்கு என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன். 20 வருடம் போட்டவனையே ஹெல்ப்பராகக் கூப்பிட்ட ஊர் இது.

எங்கள் கிளையில் முன்னாள் படைக்காரர்கள் மூன்று பேர். நான் என்ஜின், லோன் செக்‌ஷனில் இருப்பவர் ரேடியோ, வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் அண்ணன் தரைப்படை. அண்ணனை விட்டுவிடுவோம், அவர் விமானத்தில் ஏறியதே லீவில் வரும்போதுதான். நாங்கள் இரண்டு பேரும் ராஜினாமாக் கடிதம் எழுதித் தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை எந்த ஹேங்கருக்கு வர வேண்டும் என்று நண்பர் ஒரு வரி எழுதிப் போடட்டும்.