தோண்டிய இடத்துக்கும் கருத்தொற்றுமை வேண்டும்

காவிரிப் படுகையில் புதிய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஏலம் என்ற செய்தி வந்ததும், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் கட்சி பேதமின்றி எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்றையும் ஒன்றிய அரசு ஏலத்திலிருந்து விலக்கியது. எங்கே தோண்டக் கூடாது என்பதில் ஒன்றுபட்ட நாம், ஏற்கெனவே தோண்டிய இடத்தைப் பற்றி இன்னும் ஒன்றுபடவில்லை.

அந்த இடம் நெய்வேலி. 1956-ல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. பள்ளி, மருத்துவமனையோடு நகரியம் எழுந்தது. தலைமுறைகளுக்கு வேலை கிடைத்தது. அதற்கு ஈடாகச் சுற்றுக் கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவுபகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கம் நடக்கும். நிலத்தடி நீர் கீழே போகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு.

2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் உழுதவர்கள். நிலம் மட்டுமல்ல, உயிரும் போயிருக்கிறது: 2020 ஜூலையில் நெய்வேலி அனல்மின் நிலையக் கொதிகலன் விபத்தில் உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. நெய்வேலி மின்சாரம் அண்டை மாநிலங்கள் வரை போகிறது. இழப்போ கடலூர் மாவட்டத்துச் சில ஊர்களோடு நின்றுவிடுகிறது.

நாளையே மூடு என்பதும், கரி தீரும்வரை வெட்டு என்பதும் அந்த ஊர்களுக்கு உதவா. நிறுவனம் நீர்மட்ட அளவீடுகளைக் கிராம சபைகளில் வைக்கட்டும். வெட்டி முடித்த பகுதிகளை விளைநிலமாக மீட்கக் காலக்கெடு சொல்லட்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்காகவே 2015 சட்டத்திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையைக் கொண்டுவந்தது. அதன் செலவை முடிவு செய்யும்போது அரசு அந்த மக்களையும் உட்கார வைக்கட்டும். நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் ஒப்பந்தத் தொழிலாளரின் பாதுகாப்பைத் தம் முதல் கோரிக்கையாக்கட்டும். 600 மெகாவாட் திறன்கொண்ட முதல் அனல்மின் நிலையம் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. கரிக்குப் பிறகு இளைஞர்களுக்கு என்ன வேலை என்ற திட்டத்தை இனியும் தள்ளிப்போட முடியாது.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அதில் ஒரு பகுதி நம் மின்கட்டணத்தில் ஏறக்கூடும். நிலம் இழந்தவருக்காகக் குரல் கொடுக்கும் நகரவாசி, அந்தச் சில காசுகளைத் தரவும் முன்வர வேண்டும்.