முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரமிருக்கும். உம்மாவுடன் நானும் பார்க்கப் போயிருந்தேன். குழந்தையின் வலது மேல் இமையில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. வந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "கிரகண நேரம் வெளியே போயிருப்பாய்" என்றார் ஒரு மாமி. "வயிற்றில் இருக்கும்போது ஜம்புப் பழத்துக்கு ஆசைப்பட்டாயா?" என்று கேட்டார் இன்னொருவர். குழந்தையின் தாய் ஒன்றும் பேசவில்லை. துணியின் நுனியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டார். "டொக்டரிடம் காட்டினாயா?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் அந்தப் புள்ளி வளர்ந்து கட்டியாகி, இமையைக் கண்ணின் மேல் இறக்கிவிட்டது. அதன் பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மருந்தினால் கட்டி சுருங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூடிக் கிடந்த காலத்தில் அந்தக் கண் பார்க்கப் பழகவில்லை. இன்று மூன்று வயதாகும் அந்தப் பிள்ளையின் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, மற்றக் கண்ணைப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

பிறவி அடையாளத்தைக் கண்டதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இது யாருடைய பிழை?" என்பதாக இருக்கிறது. கேட்க வேண்டியதோ, "இது எந்த வகை?" என்பது. முதல் கேள்வி தாயைக் குற்றவாளியாக்குகிறது. அவள் அடையாளத்தை மறைக்கிறாள். மறைக்கும் நாட்களில் சிகிச்சைக்கு உரிய காலம் கழிந்துவிடுகிறது.

பிழை என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அதை அந்த மரணத்தோடு தொடர்புபடுத்திப் பேசினார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று நபியவர்கள் அப்போதே திருத்தினார்கள். இதை மார்க்க வகுப்பில் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கர்ப்பிணிப் பெண்ணைக் கிரகணத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நமக்குப் பொருந்துமா?

விஞ்ஞானம் சொல்வதும் தாய்க்குச் சாதகமானதுதான். முகத்தில் திராட்சைச் சாறு சிந்தியது போல் சிலருக்குச் செவ்வூதாப் படலம் இருக்கும். ஆங்கிலத்தில் அதைப் 'போர்ட் வைன்' அடையாளம் என்பார்கள். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இது உண்டு. இதன் காரணத்தை 2013ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கரு உருவான பின், ஒரு கலத்திலுள்ள 'ஜி.என்.ஏ.கியூ' என்ற மரபணுவில் தற்செயலாக ஏற்படும் ஒரு சிறு மாற்றமே அது. பெற்றோரிடமிருந்து வருவதல்ல. தாய் உண்டதாலோ, பார்த்ததாலோ, ஆசைப்பட்டதாலோ வருவதுமல்ல.

இனி, "எந்த வகை?" என்ற கேள்விக்கு வருவோம். எல்லா அடையாளமும் ஒன்றல்ல.

சிலவற்றை அப்படியே விட்டுவிடலாம். நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு இடுப்பின் கீழ்ப்புறத்தில் நீலச் சாம்பல் நிறப் படலம் இருக்கும். அடிபட்ட கன்றல் போலத் தெரிந்தாலும் அது தீங்கற்றது. பெரும்பாலும் சிறு வயதிலேயே மங்கிவிடும்.

சிலவற்றுக்குக் காலம் முக்கியம். அந்தக் குழந்தையின் இமையில் இருந்தது 'ஹெமஞ்சியோமா' எனப்படும் இரத்தக் குழாய்க் கட்டி. ஆண் குழந்தைகளை விடப் பெண் குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. பிறக்கும்போது தெரியாமலும் இருக்கலாம். முதல் வாரங்களில் வேகமாக வளர்ந்து, ஐந்து மாதமளவில் பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். முதுகிலோ கையிலோ சிறிதாக இருந்தால் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கண், மூக்கு, உதடு, தொண்டைப் பகுதியில் இருந்தால் காத்திருக்க முடியாது. 2008இல் பிரான்ஸின் போர்தோ நகரில், இதய நோய்க்காக 'புரொப்பிரனலோல்' கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் கட்டியும் சேர்ந்து சுருங்குவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். இன்று அதுவே இதற்கு முதன்மை மருந்து. இதயத் துடிப்பையும் இரத்தச் சீனியையும் குறைக்கக்கூடியது என்பதால், வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும். இத்தகைய கட்டியுள்ள குழந்தையை ஒரு மாத வயதளவில் நிபுணரிடம் காட்டுவதே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2019இல் வழிகாட்டியது. நம் நாட்டில் பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. ஊசி போட்டால் அடுத்த தடுப்பூசி இரண்டாம் மாதத்தில்தான். "ஊசிக்குப் போகும்போது காட்டலாம்" என்று இருந்தால், கட்டி வேகமாக வளரும் வாரங்கள் கழிந்துவிடும்.

வேறு சில, தோலுக்கு அப்பாலும் பார்க்கச் சொல்பவை. நெற்றியிலும் மேல் இமையிலும் செவ்வூதாப் படலம் இருந்தால், கண்ணின் அழுத்தத்தையும் மூளையையும் பரிசோதிக்க வேண்டும். வலிப்பும் 'கிளுக்கோமா'வும் அதனோடு வரலாம். பாற்கோப்பி நிறப் படலங்கள் ஒன்றிரண்டு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சிறுபிள்ளையிடம் ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை ஆறோ அதற்கு அதிகமாகவோ இருந்தால், நரம்பு தொடர்பான பரம்பரை நோய் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடலின் பெரும்பகுதியை மூடும் கருமச்சம் மிக அரிது. ஏறத்தாழ 20,000 குழந்தைகளில் ஒருவருக்கே காணப்படும். அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு இருப்பதால் ஆயுள் முழுதும் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான அடையாளங்களை அனுபவமுள்ள வைத்தியர் கண்ணால் பார்த்தும், "எப்போது தெரிந்தது? வளர்கிறதா?" என்று கேட்டுமே இனங்கண்டுவிடுவார். தேவைப்பட்டால்தான் ஸ்கேன், எம்.ஆர்.ஐ., தோல் துண்டுப் பரிசோதனை. அரச வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்குகளில் பார்ப்பதற்குப் பணமும் இல்லை.

சிகிச்சையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். செவ்வூதாப் படலத்துக்கு லேசர் உண்டு. பல தடவை செய்ய வேண்டும். பலருக்கு நிறம் குறையுமே தவிர முற்றாக மறையாது. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் லேசரின் ஒளியை நிறமியும் உறிஞ்சிக்கொள்வதால் பயன் குறையலாம். புதிதாகக் கறுப்போ வெளிறலோ ஏற்படவும் கூடும். ஆகவே "ஒரே தடவையில் போக்கிக் காட்டுகிறோம்" என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு வைத்து எரிப்பது இன்னும் ஆபத்து. மச்சத்தோடு நல்ல தோலும் வெந்து, நிரந்தரத் தழும்பே மிஞ்சும்.

"அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா?" என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கம் ஈமானிலிருந்து வருவது, மதிக்கிறேன். ஆனால் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தபோது அது நாறியது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபியவர்களே சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் அனுமதித்தார்கள். குறையைச் சீர்செய்வது வேறு, அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கண்ணைக் காப்பதும் புற்றுநோயைத் தடுப்பதும் எந்தப் பக்கம் சேரும் என்பதில் சந்தேகமில்லை. தீங்கில்லாத அடையாளத்தை நீக்கத்தான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக்கொள்வதா என்று தீர்மானிப்பது அந்தப் பிள்ளை வளர்ந்த பின் அவளுடைய விருப்பம்.

தோழியரே, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் உடை நம் மேனியை மறைக்கிறது. அது நமக்குக் கண்ணியம். ஆனால் வைத்தியரிடமும் மறைக்க வேண்டுமென்று அதற்குப் பொருளில்லை. உடைக்குள் இருக்கும் மச்சம் பெருத்தாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ உம்மாவிடம் சொல்லுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். "வெளியே தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச வரமாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், உயிரை விடப் பெரிய கலியாணம் இல்லை என்று சொல்லுங்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது சிறிய காரியங்கள்தான். குழந்தையின் மேனியில் அடையாளம் கண்டால், பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து வாரத்துக்கொரு போட்டோ எடுங்கள். வளர்கிறதா என்பதை அது காட்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏழாம் நாள் முடி இறக்கும்போது தலையையும் பாருங்கள். முடிக்குள் மறைந்திருக்கும் மஞ்சள் நிறப் படலம் அன்றுதான் கண்ணுக்குப் படும். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். அதோடு வைத்தியரிடமும் போங்கள்.

அடுத்த முறை நான் குழந்தை பார்க்கப் போனால், அந்தக் கேள்வியை நானே முதலில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.